சராசரித் தூறல்

எங்கள் நிறுவனத்தில் யாரும் யாரையும் அடித்ததில்லை. சராசரியாகச் சொல்கிறேன்.

தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம் அடிதடி உண்டு. ஓடும் தண்ணீரின் வேகத்தை எழுதும்போது அதன் காலடியில் ஐ, ஜே என்று குட்டி எழுத்து போடுகிறவர்கள் ஒரு கட்சி. அதே வேகத்தின் தலையில் அம்புக்குறி போடுகிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் தண்ணீர் ஒன்றுதான், சமன்பாடு ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். அதனால்தான் சண்டை ஓயவில்லை. விடை வேறு வேறாக வந்திருந்தால் யாராவது ஒருவர் தோற்று வீட்டுக்குப் போயிருப்பார். போன கருத்தரங்கில் அம்புக்கட்சிப் பேராசிரியர் ஒருவரின் மூக்கை மூலைமட்டத்தால் பெயர்த்துவிட்டார்கள். அவர் பெயர்ந்த மூக்கோடு எழுந்து நின்று, தன்னை அடித்த கையின் வேகத்தையும் அம்புக்குறி போட்டுத்தான் எழுத வேண்டும் என்று வாதாடினார். மறு மூக்கு இல்லாத குறைதான், இல்லையென்றால் அதுவும் போயிருக்கும்.

என் வேலை கரும்பலகை துடைப்பது. சாக்பீஸ் தூளும் இரத்தமும் சேர்ந்தால் நல்ல ரோஜா நிறம் வரும். உலர்ந்த துணிக்கு மசியாது, ஈரத்துணிதான் வேண்டும். இந்த நிறுவனத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். கணக்கு தெரியாது.

ஆனால் நிறுவனம் எதற்காக இருக்கிறது என்பது தெரியும். தலைநகர் லீமாவிலும் சரி, மலைநாட்டிலும் சரி, தண்ணீர் யாரையாவது கொன்றால் அரசு எங்களிடம் வரும். ஆறு ஒரு பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்து, ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், பாலம் தன் விருப்பத்தின் பேரில் போயிருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்போம். வாசலில் பொன்னெழுத்தில் 'சராசரி ஓட்ட தேசிய நிறுவனம்' என்று எழுதியிருக்கும். இயக்குநர் டாக்டர் எவரிஸ்தோ ஒலாசாபல். பெரிய உடம்பு, வெள்ளைப் பல்வரிசை. காலையில் வந்ததும் என் பலகையைப் பார்த்து, "சுத்தமா இருக்கு தோன் செவெரோ, அழிச்சதே தெரியல" என்பார். எல்லாச் சான்றிதழுக்கும் அவர் விரும்பிய பாராட்டும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாசலுக்குத்தான் நெலிதா சுல்கா வந்தாள். செரோ பெலாதோ குன்றில் குடியிருப்பவள். பார்லியும் ஆளிவிதையும் போட்டுக் கொதிக்கவைத்த எமோலியெந்தே விற்கிற தள்ளுவண்டிக்காரி. குட்டை உருவம், உரத்துப் பேசத் தெரியாத குரல். அவளுக்குத் தம்பி ஒருவன், வில்பெர். தாய் தகப்பன் இல்லை. அந்தத் தம்பிதான் அவளுக்கு எல்லாம்.

செரோ பெலாதோவில் குழாய் கிடையாது. லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் இல்லை. குன்று முழுக்க இறங்கிப்போய்க் குடிநீர் அமைச்சகத்தின் முன்னால் சதுக்கத்தில் நின்று தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தார்கள். காவல்துறையின் ரோச்சபூஸ் வண்டி வந்து, கூரைமேல் இருந்த பீரங்கிக் குழாயைத் திறந்துவிட்டது. வில்பெர் முன்வரிசையில் நின்றிருந்தான். தண்ணீர் அவனை நெஞ்சில் அறைந்து, தரையைவிட்டுத் தூக்கி, இடப்பக்கமாக எறிந்தது. அமைச்சகச் சுவரில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த தேசியச் சின்னம் இருந்தது. அதில் போய் முகத்தோடு மோதினான். தாடை உடைந்தது. விலா எலும்பு இரண்டு, காறை எலும்பு ஒன்று. சின்னத்திலிருந்த தேசிய விலங்கான விக்குன்யாவின் கழுத்தும் உடைந்து தலை கீழே விழுந்தது.

அமைச்சகம் எங்களிடம் தண்ணீரின் வேகத்தைக் கேட்டது. டாக்டர் ஒலாசாபல் சதுக்கம் முழுமைக்கும், விடியலிலிருந்து நண்பகல் வரைக்குமாகச் சராசரி எடுத்தார். தூறல் என்று வந்தது. குளிர்காலத்தில் எங்கள் ஊரில் விழுமே, குடைகூட எடுக்காமல் நடப்போமே, அந்தத் தூறல். அரசு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். தூறல் ஆளைத் தூக்கி எறியாது, ஆகவே இவன் தானாகவே பக்கவாட்டில் பறந்து, தேசிய விலங்கின் கழுத்தைத் தன் தாடையால் உடைத்திருக்கிறான் என்று வழக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. தண்ணீரின் உண்மை வேகத்தை நிறுவனம் எழுதிக் கொடுக்காவிட்டால் அவன் பல வருடம் பெரிய சிறைக்குப் போவான். உடைந்த தாடையோடு அங்கே போகிறவன் திரும்பி வருவது சந்தேகம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

"ஒரு வேகம் எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள்.

அவளை ஒன்பது ஜன்னல்களுக்கு அனுப்பினேன். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு எண். முதல் எண் உங்களை எந்தப் பக்கத்தில் அடித்தது என்பதற்கு, இரண்டாவது எண் எந்தத் திசையில் தள்ளியது என்பதற்கு. ஒன்று-இரண்டு ஜன்னலில் கேட்டதையே இரண்டு-ஒன்று ஜன்னலிலும் கேட்பார்கள். விடை சமமாக இருக்க வேண்டும், அது சட்டம். விடை மட்டுமல்ல, அங்கே உட்காருகிறவர்களும் சமமாக இருக்க வேண்டும் என்பது டாக்டர் ஒலாசாபல் கொண்டுவந்த திருத்தம். ஒருமுறை ஒன்று-இரண்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து முன்பல் போனது. அன்று மாலைக்குள் காவலாளிகள் இரண்டு-ஒன்றுக்காரரைப் பிடித்துவைத்து அதே பல்லை உடைத்தார்கள். அதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கைப்பிடித்துத்தான் படியிறங்குகிறார்கள். பார்த்தால் காதல் என்று நினைப்பீர்கள்.

நெலிதா எல்லா ஜன்னலுக்கும் போனாள். எந்தப் பக்கம் அடித்தது என்றார்கள், நெஞ்சில் என்றாள். எந்தத் திசையில் என்றார்கள், இடப்பக்கம் என்றாள். குறித்துக்கொண்டு, தூறல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் துணை இயக்குநர் ரோமுலோ பெனவென்டேயிடம் போனாள். மெலிந்தவர், வழவழப்பான மீசை, இயக்குநர் நாற்காலியைப் பார்க்கும்போது மட்டும் கண் கலங்கும். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு சமன்பாடு எழுதினால் அதில் தெரியாதவை இன்னும் ஆறு வந்துவிடுகின்றன என்று அவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான், ஆனால் இங்கே ஒவ்வொரு பூதத்துக்கும் ஓர் அறை, ஒரு மேசை, ஓர் உதவியாளர். அந்த ஆறு பேரும் உட்கார்ந்து ஆளுக்கொரு சமன்பாடு எழுதுவார்கள், அதிலிருந்து இன்னும் பூதங்கள். அதற்காகத்தான் மேலே மாடி கட்டிக்கொண்டே போகிறார்கள். அவள் தம்பியை அடித்த வேகம் இப்போது கட்டிக்கொண்டிருக்கிற மாடியில் தெரியவரலாம் என்றார். நெலிதா அண்ணாந்து பார்த்தாள். மேலே ஆட்கள் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று வெளியே வந்தபோது அவளிடம் நான் ஒரு விதியைச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் எழுத்து முறையில் ஒரு குட்டி எழுத்து ஒருமுறை வந்தால் அது சுதந்திரமானது. இருமுறை வந்தால் கூட்டிக் கரைத்துவிடுவார்கள், அதற்கு அப்புறம் அது இல்லை. மூன்றாவது முறை வந்தால் அது பிழை, அடித்துவிட வேண்டும். கரும்பலகையில் எழுதுவதற்காக யாரோ வைத்த விதி. வாசலுக்கும் அது பொருந்தும் என்று காவலாளிகளுக்கு உத்தரவு.

"நீ ரெண்டு தடவை வந்துட்டே, கசேரா" என்றேன், வண்டிக்காரிகளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். "இனி வராதே."

"எனக்கு வேற எங்க போக்கிடம், தோன் செவெரோ?" என்றாள்.

மூன்றாம் நாள் வந்தாள். காவலாளிகள் நல்லவர்கள், விதியைத் தாண்டி ஒரு அடிகூட அதிகம் அடிக்கவில்லை. தடியால் தோளில், முழங்காலில், கீழே விழுந்ததும் புருவத்தில். எமோலியெந்தே பாத்திரம் கவிழ்ந்து அவள் கை வெந்துபோனது. அடித்து முடித்ததும் ஒருவன் என்னைக் கூப்பிட்டு, பலகையில் மூன்றாவது எழுத்தை அழிப்பதுபோலத் தரையைத் துடைக்கச் சொன்னான். துணியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் உட்கார்ந்து, ஒரு கண்ணில் இரத்தம் இறங்க, கவிழ்ந்த பாத்திரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அழவில்லை. "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்குல்ல?" என்று கேட்டாள்.

எத்தனையோ இரத்தம் துடைத்திருக்கிறேன், எல்லாம் படித்தவர்கள் இரத்தம், அவர்களாகக் கேட்டு வாங்கியது. இது அப்படி இல்லை. பலகை துடைப்பவனுக்கென்று அரங்கத்துக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. அதன் வழியாக அவளை உள்ளே அழைத்துப் போனேன்.

உள்ளே நிறுவனத்தின் ஆண்டு விழா. நீதிமன்றச் செயலாளர், பத்திரிகைக்காரர்கள், இரண்டு கட்சிப் பேராசிரியர்கள், நடுவில் பிஸ்கோ மதுக் கோப்பைகள். டாக்டர் ஒலாசாபல் பலகையில் ஒரு நீளமான வரியை எழுதிவிட்டுத் திரும்பினார். திரும்பினால் முதல் வரிசைக்கு முன்னால் இரத்தம் வழிய நெலிதா நிற்கிறாள். பத்திரிகைக்காரர்கள் இருந்ததால் காவலாளிகள் பிழையை உடனே திருத்தவில்லை.

தான் யார் என்று அவள் சொன்னாள். தண்ணீர் தன் தம்பியை எறிந்த வேகம் எவ்வளவு என்று கேட்டாள்.

டாக்டர் ஒலாசாபலுக்குப் பெருந்தன்மை பொங்கியது. "அம்மா, தண்ணியோட வேகத்துல ரெண்டு பங்கு இருக்கு. ஒண்ணு சராசரி. அது அரசாங்கம் மாதிரி, நிதானமா இருக்கும். இன்னொண்ணு துடிப்பு. அது உங்க குன்று மாதிரி, ஏறும், இறங்கும், கத்தும். துடிப்பே இல்லைன்னு நாங்க சொல்லல. நாங்க காட்டுமிராண்டிங்க இல்ல. அதுக்கு மரியாதை கொடுத்து தலைக்கு மேல ஒரு சின்னக் கோடு போடறோம். ஆனா அதைச் சராசரி எடுத்தா பூஜ்யம். பூஜ்யமா வர்றதைப் பத்தி ஒரு நாடு கவலைப்பட முடியாது. உங்க தம்பியை அடிச்சது அந்தச் சின்னக் கோடு."

"பூஜ்யம்னா அந்த ஒன்பது ஜன்னல் எதுக்கு, டாக்டர்?"

அம்புக்கட்சிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டர் ஒலாசாபல் அவரை முறைத்துவிட்டு, துடிப்பைத் துடிப்பால் பெருக்கினால் மட்டும் கொஞ்சம் மிஞ்சும், அது தண்ணீரைத் தள்ளுவதுபோலத் தெரியும் என்றார். "ஆனா அது நிஜமான அழுத்தம் இல்ல. தோற்ற அழுத்தம்."

"அப்போ என் தம்பி தாடை தோற்றத்துக்குத்தான் உடைஞ்சிருக்கா?"

"சராசரியா, ஆமா."

நெலிதா புருவத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டாள். "தூறல்தானே, டாக்டர். நீங்க ஒருதடவை அதுக்கு முன்னால நில்லுங்க. நீங்க நின்ன இடத்துலயே நின்னா, நானே கோர்ட்ல வந்து என் தம்பி குதிச்சான்னு சொல்றேன்."

அம்புக்கட்சிக்காரர்கள் முதலில் கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். பெனவென்டே தன் மீசையைத் தடவியபடி, அறிவியலுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்றார், கண் கலங்கியிருந்தது. டாக்டர் ஒலாசாபல் தயங்கவே இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மனிதர் தன் சான்றிதழை உண்மையாகவே நம்பினார். மற்றவர்களெல்லாம் பொய்யர்கள், அவர் ஒருவர்தான் பக்தர்.

வியாழக்கிழமை காலை அதே ரோச்சபூஸ் எங்கள் முற்றத்துக்கு வந்தது. அதே ஓட்டுநர், சார்ஜென்ட் டிப்பியானி. தொப்பை விழுந்த, பயந்த சுபாவக்காரர், விதி என்றால் விதி. அவர் கையில் இயக்குநர் கையெழுத்திட்ட உத்தரவு: கால் மணி நேரத்துக்கு, முற்றம் முழுமைக்கும், சராசரியாகத் தூறல்.

அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுப் பெனவென்டேயிடம் போனார். தன் வண்டியில் குழாய்க்கு மூடியது, திறந்தது என்று இரண்டே நிலைதான், தூறல் என்று ஒரு நிலை கிடையாது என்றார்.

"சராசரி வந்தாப் போதும், சார்ஜென்ட்" என்றார் பெனவென்டே. "எப்படி வருதுங்கிறது நம்ம துறை இல்ல."

"அப்போ அன்னைக்கு சதுக்கத்துல பண்ண மாதிரியே பண்ணிடறேன், இன்ஜினியர். அன்னைக்கும் உங்க நிறுவனத்து விதிதான், காலை முழுக்கச் சராசரி தூறலைத் தாண்டக் கூடாது. தாண்டல. காலை முழுக்க மூடி வெச்சிருந்தேன். கடைசியில ஒரு மூச்சு திறந்தேன்."

பெனவென்டே அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். துடைத்துக்கொண்டே இருந்தேன், அதற்காக எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

டாக்டர் ஒலாசாபல் வெள்ளை அங்கி அணிந்து முற்றத்தின் நடுவில் நின்றார். இரண்டு கட்சியும் இரண்டு பக்கம். நீதிமன்றச் செயலாளர் முன்னால். கொடி ஆட்டப்பட்டது, ஒன்றும் நடக்கவில்லை. குழாய் சும்மா இருந்தது. டாக்டர் புன்னகைத்தார், நேரம் போகப் போகப் புன்னகை பெரிதாகியது. பிறகு பேச ஆரம்பித்தார். பயம் என்பது சராசரி தெரியாதவர்களின் நோய் என்றார். ஏழைகள் ஒவ்வொரு கணமாக வாழ்கிறார்கள், அதுதான் அவர்கள் துன்பத்துக்குக் காரணம் என்றார். பசியையும் வருடக் கணக்கில் சராசரி எடுத்தால் எல்லோரும் சாப்பிட்டுத்தான் இருக்கிறார்கள் என்றார். கால் மணி நேரம் முடியப்போகிறது. "பார்த்தீங்களா? நான் நின்ன இடத்துலயே—" என்று கையை விரித்தார்.

டிப்பியானி ஒரு மூச்சு திறந்தார்.

சத்தம்தான் முதலில் நினைவிருக்கிறது, பெரிய இரும்புத் தகட்டைக் கிழிப்பதுபோல. டாக்டர் ஒலாசாபல் தரையைவிட்டு எழுந்தார். காலணிகள் இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன, அந்த வகையில் அவர் சொன்னது தவறவில்லை. வலப்பக்கமாகப் பறந்து, ஐ-ஜே கட்சியின் முதல் வரிசையைச் சாய்த்துக்கொண்டு, முற்றச் சுவரிலிருந்த தேசியச் சின்னத்தில் முகத்தோடு மோதினார். அதிலிருந்த பொற்காசுக் கொம்பு உடைந்து, சாந்துக் காசுகளும் அவருடைய வெள்ளைப் பற்களும் ஒன்றாகக் கொட்டின. எது எது என்று பிரிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. கீழே விழுந்த ஐ-ஜேக்காரர்களை அம்புக்காரர்கள் பழைய கணக்குக்காக மிதித்தார்கள். நாற்காலி பறந்தது. அதற்குள் குழாய் மூடிவிட்டது.

பெனவென்டே கடிகாரத்தைப் பார்த்தார். கணக்குப் போட்டார். சராசரி தூறல், இம்மி பிசகவில்லை என்று அறிவித்தார். நிறுவனத்தின் சான்றிதழ் நிரூபணமாகிவிட்டது. தூறல் ஆளைத் தூக்கி எறியாது. ஆகவே இயக்குநர் தானாகவே குதித்துத் தேசியச் சின்னத்தை உடைத்திருக்கிறார். டிப்பியானியே அவரைக் கைது செய்து அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பெனவென்டே மாடியேறிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை, சாப்பாடும் அங்கேயே வந்தது.

நெலிதா முற்றத்தில் நனைந்து நின்றாள். ஜெயித்துவிட்டோமா தோற்றுவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நாடே பார்க்கத் தண்ணீர் ஓர் ஆளை எறிந்துவிட்டது, ஆனால் சான்றிதழில் ஒரு எழுத்து மாறவில்லை.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் ஒரே பெஞ்சில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள், வில்பெரும் டாக்டர் ஒலாசாபலும். இருவருக்கும் தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். நெலிதா இருவருக்கும் உறிஞ்சுகுழல் போட்டு எமோலியெந்தே கொடுத்தாள். டாக்டருக்கு எதற்கு என்று கேட்டேன். "வாயைத் திறக்க முடியாதவனைப் பார்த்தா எனக்குத் தம்பி ஞாபகம் வருது" என்றாள்.

அரசு வழக்கறிஞர் இருவருக்கும் ஒரே தண்டனை கேட்டார். பேச முடியாத டாக்டர் ஒலாசாபல் கைகாட்டி என்னைக் கூப்பிட்டார். என்னிடம் எப்போதும் சிலேட் ஒன்று இருக்கும். அதில் எழுதினார்: 'இவன் பறந்தது இடப்பக்கம். நான் பறந்தது வலப்பக்கம். ஒன்றை மற்றதோடு கூட்டினால் பூஜ்யம். பூஜ்யமாக வருவதைப் பற்றி ஒரு நாடு கவலைப்பட முடியாது.' கீழே பழக்க தோஷத்தில் ஐ, ஜே என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நிறுவனத்தின் சான்றிதழ்களை நம்பியே இருபது ஆண்டுகளாகத் தீர்ப்பு எழுதிவந்தவர். இப்போது நம்பாமல் இருக்க முடியாது.

பெனவென்டே எழுந்தார். அவருக்கு நாற்காலி ஆபத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் பூஜ்யம் என்று வாதாடினார். நீதிபதி ஒப்புக்கொண்டார். ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று ஜன்னல்காரர்கள் கைகோத்தபடி வந்து சரிபார்த்தார்கள். தாடைக்குத் தாடை. டாக்டருக்கு விலா எலும்பு மூன்று, வில்பெருக்கு இரண்டு. ஓர் எலும்பு உதைத்தது.

"சிரமம் ஒண்ணும் இல்ல, கனம் நீதிபதி அவர்களே" என்றார் பெனவென்டே. "அரசாங்கச் செலவுலயே ஒண்ணு உடைச்சிக்கலாம்."

டிப்பியானி தடியோடு பெஞ்சருகே வந்து, வில்பெரின் சட்டையை மரியாதையாக உயர்த்தினார். அந்தப் பையன் மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். நெலிதா அவனுக்கும் தடிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"காறை எலும்பை விட்டுட்டீங்க" என்றாள். "என் தம்பிக்கு அது உடைஞ்சிருக்கு. டாக்டருக்கு உடையல. எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம் விக்குன்யாவின் தலை, இந்தப் பக்கம் பொற்காசுக் கொம்பு. ஜன்னல்காரர்கள் இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். யாரும் குதிக்கவில்லை, யாரையும் யாரும் எறியவில்லை, இரண்டு இடத்திலும் எதுவும் நடக்கவில்லை, தண்ணீர் தூறலாகவே இருந்தது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நெலிதா தம்பியைக் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அதுவரை அழாததையெல்லாம் அங்கே அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, சராசரி எடுக்க முடியாத அளவுக்கு.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனால் நிறுவன வாசலில் செரோ பெலாதோ குன்றே நின்றது. பெரும்பாலும் பெண்கள். அன்று சதுக்கத்தில் பிடிபட்டவன் வில்பெர் மட்டுமா? புருஷன்மார், பிள்ளைகள், அண்ணன் தம்பிகள் என்று எத்தனையோ பேர் இன்னும் உள்ளே இருந்தார்கள். அத்தனை பேரும் இடப்பக்கம் எறியப்பட்டவர்கள். தீர்ப்பை யாரோ அவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள், நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் வேண்டும். நிறுவனத்திலோ ஆட்களுக்குக் குறைவில்லை, மாடிமேல் மாடியாக இருக்கிறார்கள்.

ரோச்சபூஸ் முற்றத்திலேயே நின்றது. வியாழக்கிழமை உத்தரவில் வண்டியைத் திருப்பி அனுப்பும்படி யாரும் எழுதவில்லை என்பதால் டிப்பியானி தினமும் வந்து அதில் உட்கார்ந்துகொண்டிருந்தார். தீர்ப்பின் நகல் ஒன்றை அவர் கையிலும் கொடுத்திருந்தார்கள். அதில் நீதிமன்ற முத்திரை இருந்ததால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசு ஒன்றை வாசல் கம்பியில் மாட்டியிருந்தார்கள். காவலாளிகளைத்தான் முதலில் நிறுத்தார்கள்.

பெனவென்டேயின் கார் வந்தது. கதவைத் திறந்து அவரைக் கைப்பிடித்து இறக்கினார்கள். ஒருத்தி அவர் இடுப்பைச் சாண் போட்டுப் பார்த்து, "என் வீட்டுக்காரருக்கு இவர் சரியா இருப்பாரு" என்றாள். அவர் நாற்காலி, நாற்காலி என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல்காரர்கள் இருவரையும் இரட்டையாகவே எடுத்துக்கொண்டார்கள். குன்றில் இரட்டைப் பிள்ளைகளைச் சிறைக்குக் கொடுத்த ஒருத்தி இருந்தாள்.

நெலிதா வழக்கம்போல வாசலோரம் வண்டி போட்டிருந்தாள், கையில் கட்டோடு. எனக்கு ஒரு கோப்பை சூடாக ஊற்றிக் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது, வரிசையிலிருந்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த முகம், சாந்தமான கண்கள். அவளுடைய மகன் என்னைப் போலவே ஒல்லியாம், உயரமும் இதே உயரமாம். நான் பலகை துடைப்பவன், எனக்குக் கணக்கே தெரியாது என்றேன். நெலிதா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு என் கோப்பையை வாங்கி வைத்தாள்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்தாள், இறுக்கமாகக்கூட இல்லை.

"பயப்படாதீங்க, தோன் செவெரோ" என்றாள். "சராசரியாப் பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."